அண்ணன் தம்பி கேமும் அத்தையும் நானும்

என் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்தார், கல்யாணம் செய்துகொண்டார், டிவி கேம் விளையாடினார், திரும்பிப் போய்விட்டார். இதில் எதற்கு அதிக நேரம் செலவழித்தார் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் விமானம் ஏறிய பிறகு முதுகுளத்தூர் பக்கத்து அந்தக் கிராமத்து வீட்டில் மிஞ்சியது நான், மாமனார், மாமியார், ஒரு கறுப்பு வெள்ளை டிவி, அதன் தலையில் உட்கார்ந்திருந்த டிவி கேம் பெட்டி. தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது.

மாமனார் விடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் வருவார். பகல் முழுக்க நானும் அத்தையும் மட்டும்தான். எங்களுக்குள் சண்டை இல்லை. பேச்சும் இல்லை. "உப்புப் போட்டாச்சா?" "போட்டாச்சு அத்தை." "கோழிய அடைச்சாச்சா?" "அடைச்சாச்சு அத்தை." இப்படியே ஒரு மாதம் ஓடியது. அத்தை கெட்டவர் இல்லை. ஒரே மகனின் பெண்டாட்டியை எப்படி நடத்துவது என்று அவருக்கும் தெரியவில்லை. ஒரே மகனைப் பெற்றவரை எப்படி நடத்துவது என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் அளவுக்கு மீறி மரியாதையாக இருந்தோம். அந்த மரியாதையில் எனக்கு மூச்சு முட்டியது.

ஒரு மத்தியானம் சலிப்புத் தாங்காமல் கேம் பெட்டியைப் போட்டேன். அதிலிருந்த கேசட்டின் மேல் ஏதோ அயல்நாட்டு எழுத்து. படத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒருவனுக்குச் சிவப்புத் தலைப்பாகை, இன்னொருவனுக்கு நீலம், இருவர் கையிலும் நீளமான கம்பு. குகை குகையாகப் போய் வௌவால், காட்டுப்பன்றி, இரும்புக் குண்டு உருட்டுகிற தடியன் என்று வருவதையெல்லாம் அடித்துக்கொண்டே போக வேண்டும். வழியெல்லாம் பள்ளம். கடைசியில் சிம்மாசனத்தில் ஒரு பெரிய தொப்பைக்காரன் உட்கார்ந்திருப்பான். நாங்கள் அதற்கு வைத்த பெயர் அண்ணன் தம்பி கேம். அதன் உண்மையான பெயர் எனக்குத் தெரிந்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்தார்கள்.

நான் மூன்றாவது பள்ளத்தில் விழுந்து செத்தபோது பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் ஓடி வந்து தவ்வணும்."

திரும்பிப் பார்த்தேன். மிளகாய் வத்தலைக் கிளறிவிட்டு வந்த கையோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு இது தெரியுமா அத்தை?"

"உம் புருசன் ஆடும்போது பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அவனும் அங்கனதான் விழுவான்."

இரண்டாவது ரிமோட்டை எடுத்து நீட்டினேன். கேலியாகத்தான் நீட்டினேன். அவர் அதை வாங்கி, முந்தானையில் துடைத்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பேர் ஆடும்போது அந்த கேமில் ஒரு விசேஷம் உண்டு. அண்ணனும் தம்பியும் ஒரே கட்சி. ஆனால் பக்கத்தில் நின்று கம்பைச் சுற்றினால் எதிரி மேல் படுகிற அடி கூட இருப்பவன் மேலும் படும். பள்ளத்தின் ஓரமாக நிற்கும்போது பட்டால் அவன் கதை முடிந்தது. நாங்கள் ஆடத் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே அத்தை என்னைப் பள்ளத்தில் தள்ளினார்.

"அய்யய்யோ, கை தவறிருச்சு தாயி. வௌவால்னு நெனச்சுட்டேன்."

சரிதான் என்று விட்டுவிட்டேன். அடுத்த குகையிலும் தள்ளினார்.

"என்ன அத்தை, மறுபடியும்?"

"டிவியில எல்லாம் சாம்பக் கலராத்தானே தெரியுது. எது நீ, எது பன்னின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கறுப்பு வெள்ளை டிவியில் சிவப்பும் நீலமும் ஒன்றுதான். ஆனால் பன்றிக்கு நாலு கால். அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. காலையில் நான் வைத்த குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மத்தியானமே சொல்லி முடித்துவிட்டார்.

எனக்கும் வழி பிறந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் அத்தை பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கோலம்தான் வரல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மத்தியானம் இரும்புக் குண்டுத் தடியன் வருகிற இடத்தில், அத்தை தவ்வுவதற்குக் கம்பை ஊன்றிய நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். அத்தை பள்ளத்துக்குள் போனார்.

"கை தவறிருச்சு அத்தை."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னை அப்படி நேருக்கு நேராகப் பார்த்ததே இல்லை. பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். "அடி கள்ளி" என்றார். அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டு மருமகள் ஆனேன் என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் வழக்கு எதுவும் வாய்க்கு வருவதில்லை. கம்புக்குப் போய்விடும். என் அம்மா வீட்டில் நான் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி வந்தால் அதற்கு இரண்டாம் குகையில் தண்டனை. என் புடவையை அத்தை கேட்காமல் எடுத்துக் கட்டினால் அதற்கு ஐந்தாம் குகையில் பதில். வத்தல் காம்பு கிள்ளுகிற காலத்தில் அத்தை இன்னொரு வேலையும் செய்தார். தன் கையில் மட்டும் தேங்காயெண்ணெய் தடவிக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். என் ரிமோட்டை எடுத்து, "அழுக்கா இருக்கு" என்று காம்பு கிள்ளிய துணியால் துடைத்துத் தருவார். ஆட்டத்தின் நடுவில் நான் கண்ணைக் கசக்கிய பிறகுதான் எனக்குத் தெரியும், அது என்ன துணி என்று. கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்ற நான் தடுமாறும்போது அவர் நிதானமாக வந்து என்னைத் தள்ளுவார்.

வெளியே எங்களைப் பற்றி நல்ல பேர். "அந்த வீட்டுல மாமியாரும் மருமகளும் ஒரு சொல்லு ஒசந்து பேசிக் கேட்டதில்ல" என்று தெருவே சொல்லும். அந்தப் பேருக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது.

அன்று நாங்கள் முதல் முறையாகக் கடைசிக் குகை வரைக்கும் போயிருந்தோம். சிம்மாசனத் தொப்பைக்காரனைப் பார்த்ததும் அத்தை, "இவன் நம்ம ரேசன் கடைக்காரன் மாதிரியே இருக்கானே! எது கேட்டாலும் இல்லைன்னு தலையாட்டுறான் பாரு" என்றார். உண்மையில் அவன் தலையை ஆட்டித்தான் நெருப்பு உமிழ்வான். அத்தைக்கு ஆவேசம் வந்துவிட்டது. மண்ணெண்ணெய் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட நாட்களெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கம்பை அவர் சுற்றிய வேகத்தில் நான்தான் பள்ளத்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போனேன்.

"அத்தை, தள்ளாதீக! பள்ளத்துல விழுந்துருவேன்!"

"விழு! விழுந்து சாவு! ஒனக்கு இன்னும் உசுரு இருக்குல்ல!"

"அய்யோ, அத்தை, வேணாம் அத்தை!"

"செத்தாடா! இனி அடுத்தது நீதான்டா!"

இந்தக் கடைசி வரி தொப்பைக்காரனுக்குச் சொன்னது. ஆனால் தண்ணீர்க் குடத்தோடு தெருவில் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? குடத்தைப் போட்டுவிட்டு அவர் கூப்பாடு போட்டதில் தெருவே திரண்டது. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு உண்டு. தண்ணீர் கிடையாது, ஆனால் பள்ளம் என்றால் அதுதான். கூட்டம் முழுவதும் வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே அங்கே ஓடி, குனிந்து பார்த்து, என் பேரைச் சொல்லிக் கத்தியது.

நான் பின்வாசல் வழியாக வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்று நானும் எட்டிப் பார்த்தேன். எல்லோரும் பார்க்கும்போது நாமும் பார்ப்போம் என்றுதான். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி கிணற்றைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் அதிகம் வருவதில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தகவல் பஸ் ஏறி என் பிறந்த ஊருக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் என் அய்யா, பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இருவரும் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பஞ்சாயத்துக்குப் போகிற முகம். கொடுத்த தண்ணீரைக் கூடக் குடிக்கவில்லை.

"எம் மகள கெணத்துல தள்ளப் போனீகளாமே" என்றார் அய்யா.

அத்தை கொஞ்சமும் அசரவில்லை. "கெணத்துல இல்லண்ணே. டிவியில."

அய்யாவுக்குக் கோபம் ஏறியது. "வெளையாடாதீக."

"வெளையாட்டுத்தாண்ணே. இங்கன உக்காருங்க, காட்டுறேன்."

இரண்டு பேரையும் பாயில் உட்கார வைத்து நாங்கள் ஆடிக் காட்டினோம். முதல் பள்ளத்தில் அத்தை என்னைத் தள்ளியபோது அய்யா பாதி எழுந்துவிட்டார். நான் மறுபடி உயிரோடு வந்ததைப் பார்த்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அத்தையை நான் தள்ளினேன். பெரியப்பா தொடையில் தட்டி, "அப்படிப் போடு" என்றார். அவர்கள் பிடிக்க வேண்டிய பதினோரு மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அய்யா அத்தையிடம் தணிந்த குரலில் கேட்டார்:

"பொதுவா யாரு ஜெயிக்கிறது?"

"உங்க மகதான் ஜெயிக்கிறா. ஆனா நேர்மையா ஆடுறதில்ல."

"அது அவ ஆத்தா வழி" என்றார் அய்யா.

இரண்டு வருடம் கழித்து என் வீட்டுக்காரர் விடுமுறைக்கு வந்தபோது ஒரு கலர் டிவியும் அண்ணன் தம்பி கேமின் இரண்டாம் பாகமும் கொண்டுவந்தார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வானம் நீலமாக இருந்தது, குகைக்குள் அருவி விழுந்தது, அண்ணனும் தம்பியும் குதிரையில் ஏறினார்கள். அத்தை முதல் காரியமாகப் பள்ளத்தின் ஓரத்தில் வந்து நின்று என் மேல் கம்பைச் சுற்றினார். கம்பு என் உடம்புக்குள் புகுந்து அந்தப் பக்கமாக வந்துவிட்டது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. மறுபடி சுற்றினார். ஒன்றும் ஆகவில்லை.

"கெட்டுப்போன கேசட்ட வாங்கிட்டு வந்துட்டான்" என்றார் அத்தை.

கெட்டுப்போகவில்லை. இரண்டாம் பாகத்தில் அண்ணன் தம்பியை அடிக்க முடியாதபடி செய்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் இதைப் பெரிய முன்னேற்றம் என்று விளக்கினார். நாங்கள் இரண்டு பேரும் அவரை ஒரே மாதிரி பார்த்தோம்.

அவர் சவூதிக்குத் திரும்பிப் போன பிறகு வந்த நாட்கள்தான் எங்கள் வீட்டின் மோசமான நாட்கள். கம்பில் தீராத வழக்கு வாயில் வர ஆரம்பித்தது. சோறு குழைந்தது என்று அத்தை நேராகவே சொன்னார். சொன்னதற்கு நான் தட்டை ஓசைப்படுத்தி வைத்தேன். வைத்ததற்கு அவர் சாப்பிடாமல் எழுந்தார். ஒரு நாள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஆடுகளைத் தவிர யாரிடமும் அதிகம் பேசாத மாமனாரே வாய் திறந்தார்.

"அந்தப் பழைய சனியனையே போட்டுத் தொலைங்க. வீடு வீடா இருக்கட்டும்."

அத்தை அலமாரி மேலிருந்து பழைய கேசட்டை எடுத்து, அடியில் ஃபூ ஃபூ என்று ஊதி என்னிடம் நீட்டினார். கலர் டிவியில் அண்ணன் பளிச்சென்று சிவப்பாகவும் தம்பி பளிச்சென்று நீலமாகவும் தெரிந்தார்கள். பன்றி பழுப்பாக இருந்தது. இனி அத்தை என்ன சாக்குச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, "எனக்குச் செவப்பு ஆகாது" என்றார்.

மூன்றாம் பாகம் வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் போனில் சொன்னார். அங்கே கடைகளில் தேடியும் அவருக்குக் கிடைக்கவில்லை. அத்தை ஒரு வாரம் யோசித்தார். பிறகு மாமனாரிடம், "செத்துப்போன உங்க அய்யாவுக்கு ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்துல எதுவும் செய்யணும்னு தோணலையா?" என்று கேட்டார். அதற்கு முன் எந்த ஆடியிலும் அவர் அப்படிக் கேட்டதில்லை. மாமனார் நெகிழ்ந்துபோனார். கடலோரத்துக் கடைகளில் வெளிநாட்டுச் சாமான் எல்லாம் கிடைக்கும் என்று எதிர்வீட்டு அக்கா சொல்லியிருந்தது அவருக்குத் தெரியாது.

அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். மாமனார் கரையில் உட்கார்ந்து பிண்டம் வைத்தார். பிறகு கோயிலுக்குள் தீர்த்தம் தீர்த்தமாகப் போய் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கினோம். பல் கிட்டுகிற குளிரில், ஈரப் புடவையோடு, கைகூப்பியபடியே அத்தை என் காதில் கேட்டார்:

"கடைய சாத்திருவானோ?"

"சாமி கும்பிடுங்க அத்தை."

"கும்பிட்டுக்கிட்டுத்தான் கேக்குறேன்."

மாமனாரை ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்துவிட்டு, சங்கு வாங்கி வருகிறோம் என்று கிளம்பினோம். சங்கும் பாசிமணியும் தொங்குகிற ஒரு கடையின் உள்பக்கத்தில் டார்ச் லைட்டு, சென்ட்டு, கேசட் என்று அடுக்கியிருந்தது. கையோடு கொண்டுபோயிருந்த பழைய கேசட்டைக் காட்டி, இதன் மூன்றாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மூணாம் பாகமா?" கடைக்காரர் ஏளனமாகச் சிரித்தார். "அதெல்லாம் பழசும்மா. ஏழாம் பாகமே இருக்கு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாலு, அஞ்சு, ஆறு எல்லாம் எப்போது வந்து போனது? எங்கள் கிராமத்துக்கு எதுதான் நேரத்துக்கு வந்திருக்கிறது, அப்படித்தான் இதுவும் என்று நம்பிவிட்டோம். சங்கு வாங்க மறந்துவிட்டது. பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்துகொண்டிருந்தபோது மாமனார், "சங்கு எங்க?" என்று கேட்டார். அத்தை ஜன்னல் வழியாகக் கடலைக் காட்டி, "எவ்வளவு தண்ணி பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் அது முதல் பாகமேதான். அதே குகை, அதே வௌவால், அதே பள்ளம். யாரோ ஒரு கைகாரன் அண்ணனுக்கும் தம்பிக்கும் மட்டும் பூனைத் தலையை ஒட்டவைத்திருந்தான். தொப்பைக்காரனுக்கு நண்டுக் கால் முளைத்திருந்தது. நான் கடைக்காரரைத் திட்ட வாய் எடுத்தேன். அத்தை அதற்குள் பள்ளத்தின் ஓரத்தில் என்னைச் சோதித்துப் பார்த்துவிட்டார். சிவப்புப் பூனை மியாவ் என்று அலறிக்கொண்டு கீழே போனது. செத்தால் மியாவ் என்று அலறும்படி அந்தக் கைகாரன் செய்திருந்தான்.

அத்தை ரிமோட்டை மடியில் வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஒரு குறையும் சொல்லாத. நல்ல மனுசன் அந்தக் கடைக்காரன்."

உண்மையான மூன்றாம் பாகம் வேறு பெட்டியில், வட்டத் தட்டில் வந்தது என்றும், அதில் ஒருவர் மட்டும்தான் ஆட முடியும் என்றும் பிறகு தெரிந்தது. நாங்கள் அதைத் தேடவில்லை. தம்பியே இல்லாத அண்ணன் தம்பி கேம் எங்களுக்கு எதற்கு?

இரண்டாயிரத்து ஒன்பதில் என் வீட்டுக்காரர் ஊரோடு வந்துவிட்டார். பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலையாக ராமநாதபுரம் போகிறபோதெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார நான் பழகியிருந்தேன். ஒரு நாள் சும்மா, தலைப்பாகை, கம்பு, குகை என்று அடித்து அந்த கேமைத் தேடினேன்; அதன் உண்மையான பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது. உலகம் முழுக்க அதற்குக் கிறுக்குப் பிடித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கூடிப் பேசுவதற்கென்றே ஒரு பக்கம். நாலாம் பாகம் வரப்போகிறதாம், பழையபடி இரண்டு பேர் ஆடலாமாம், ஆளுக்கொரு ஆசையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது, மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோது கூட அப்படி அடிக்கவில்லை.

வீட்டுக்குப் போய் அத்தையிடம் உங்கள் ஆசை என்ன என்று கேட்டேன். அவர் காத்திருந்தவர் மாதிரி சொன்னார். அண்ணன் தம்பி போதும், இனி நாத்தனார் கொழுந்தியா யாராவது வரட்டும். ரேஷன் கடைக்காரன் அப்படியே இருக்கட்டும், ஆனால் தோற்ற பிறகு கொஞ்சம் அழ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், கூட வருகிறவளைத் தள்ளிவிட வழி இருக்க வேண்டும்.

அடுத்த முறை போனபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதை அப்படியே எழுதிப் போட்டேன். யார் இதைக் கேட்பது என்று ஒருவன் கேட்டான். என் மாமியார், வயது அறுபத்திரண்டு என்று எழுதினேன். பொய் சொல்கிறாய் என்றான். இன்னொருவன் மிகவும் விவரமாக எழுதியிருந்தான்: கூட இருப்பவன் மேல் அடி படுவது முதல் பாகத்தைச் செய்தவர்கள் கவனிக்காமல் விட்ட பிழை, அதனால்தான் இரண்டாம் பாகத்தில் திருத்தினார்கள்.

அதை அத்தையிடம் மொழிபெயர்த்தேன். அவருக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது.

"பிழையா? எது பிழை? அந்த ஒண்ண வச்சுத்தானே நாம இத்தன வருசம் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணுனோம். திருத்துனாகளாம், திருத்தி!" கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பயலுக்குக் கல்யாணம் ஆகலைன்னு நெனைக்கிறேன். ஆனதும் எழுதச் சொல்லு" என்றார்.

அந்த வருடம் நாலாம் பாகம் வரவில்லை. வரும் வரும் என்றுதான் அந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது வருவதற்குள் கண்ணைச் சரி பண்ணிவிட வேண்டும் என்று, அதுவரை ஆஸ்பத்திரி என்றாலே ஓடிய அத்தை தானாகவே கண்புரை ஆபரேஷனுக்குக் கிளம்பினார். கட்டுப் போட்டுக் கொண்டுவந்து விட்டோம். கொஞ்ச நாளைக்கு டிவி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அத்தை கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "நீ ஆடு, நான் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்" என்றார்.

ராமேஸ்வரத்துக் கேசட்டைப் போட்டுத் தனியாக ஆடினேன். தள்ளிவிட யாரும் இல்லாமல் பள்ளத்து ஓரங்களில் பயமின்றி நடந்தேன். அதில் ஒரு ருசியும் இல்லை. இருந்தாலும் விடாமல் ஆடிவிட்டு, டிவியை அணைத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னேன்:

"அத்தை, கடைசிக் குகை வரைக்கும் ஒரு தடவை கூடச் சாகாமப் போயி அந்தத் தொப்பைக்காரன முடிச்சுட்டேன்."

அத்தை கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"பூனை கத்துனது என் காதுல விழுந்துச்சுத்தா" என்றார். "கண்ணுலதான் கட்டு."